சமையலறைப் பைப்பைத் திறந்தால் ஷவர் ஏன் நின்றுபோகிறது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் வீடு. 15 அடித் தூணின் மேல் 1,000 லீற்றர்த் தாங்கி. அதிலிருந்து குளியலறை வரை ஏறத்தாழ 65 அடி நீளத்துக்கு அரை இஞ்சிப் பிவிசி குழாய். அந்த வழியில் 50 அடி வந்ததும் சமையலறைக்கு ஒரு ரீ, அதாவது T வடிவக் கிளை இணைப்பு. ஷவரை மட்டும் திறந்தால் குளிக்கக்கூடிய அளவுக்குத் தண்ணீர் வருகிறது, ஆனால் சமையலறையில் யாராவது பைப்பைத் திறந்ததும் அது நூலாகி, சொட்டாகி, நின்றுவிடுகிறது. குழாயை இன்னும் சிறிதாக்கினால் தண்ணீரின் வேகம் கூடும் என்று மேசனும், எல்போக்களை (சட்டென்று மடங்கும் முழங்கை இணைப்புகளை) கழற்றிவிட்டுப் பெண்ட் (மெல்ல வளையும் இணைப்பு) போடுங்கள் என்று ஹாட்வெயார்க் கடைக்காரரும், பிரஷர் பம் (தண்ணீரை அழுத்தித் தள்ளும் மோட்டர்) ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுங்கள் என்று மைத்துனரும் சொல்ல, மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். கிணற்றிலிருந்து தாங்கி நிரம்பப் பிந்துவதையும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். முதற் கேள்விக்கு உரிய பதில் மூவரிடமும் இல்லை. உங்கள் கையில் உள்ள உயரம் எந்த இடத்தில் செலவாகிறது என்பதை அறியாமல் எந்தக் குழாயையும் வெட்டக்கூடாது என்பதே நான் சொல்ல விரும்புவது.

குழாய் பொருத்துநர் பயிற்சியை முறைப்படி முடித்து, மீள்குடியேற்றக் காலம் தொடக்கம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் திறந்து மூடும் வாயைத்தான் பைப் என்போம். இந்தப் பதிலிலும் பைப் என்றால் அதுவே, குழாய் என்றால் தண்ணீர் ஓடிவரும் நீளமே. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே தரும் கணக்குகள் நீங்கள் எழுதிய அளவுகளை நம்பிப் போடப்பட்டவை, சுவருக்குள்ளே என்ன இருக்கிறதென்பதை அவை காட்டமாட்டா.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தள்ளுவது உயரம் ஒன்றே. 10 மீற்றர் உயரம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். தாங்கியின் அடி 15 அடியில் இருக்கிறது, உள்ளே தண்ணீர் இரண்டடி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் நீர்மட்டம் 17 அடி. ஷவர்த் தலை 7 அடியில் இருக்கிறது. மீதி 10 அடி, அதாவது 3 மீற்றர், 0.3 பார். ஷவருக்கு உங்களிடம் உள்ள முழு முதலும் இவ்வளவுதான். சமையலறைப் பைப் மூன்றரை அடியில் இருப்பதால் அதற்கு மட்டும் 13½ அடி கிடைக்கிறது. ஒரே குழாயில் தொங்கும் இரண்டு வாய்களில் தாழ்ந்திருப்பது எப்போதும் வலியது. இதைக் குழாயின் அளவாலோ பொருத்துபவரின் கைத்திறனாலோ மாற்ற இயலாது.

அடுத்ததாக, மேசனின் கருத்து. தோட்டக் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரப் பாய்வதைக் கண்ட எவருக்கும் சிறிய குழாயில் வேகம் கூடும் என்றே தோன்றும். ஆனால் அங்கே சிறிதானது நுனி மட்டுமே. விரல் வைத்ததும் வெளிவரும் தண்ணீரின் அளவு குறைகிறது. அளவு குறைந்ததால் நீண்ட குழாய்க்குள் ஏற்பட்டுக்கொண்டிருந்த உராய்வு இழப்பும் குறைகிறது. அப்படி மிச்சமான உயரம் நுனியில் வேகமாக வெளிப்படுகிறது. முழு நீளத்தையும் சிறிதாக்கினால் அந்த மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும். எல்லாப் பைப்புகளையும் மூடிவைத்தால் அரை இஞ்சிக் குழாயிலும் நான்கு இஞ்சிக் குழாயிலும் அழுத்தம் ஒன்றேதான். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் குழாயின் அளவு பேசத் தொடங்குகிறது. மேசன்மாரை நான் குறைவாகச் சொல்லவில்லை. சுவரை நூல் பிடித்துக் கட்டத் தெரிந்தவரிடம் நீரோட்டக் கணக்கை எதிர்பார்ப்பது எங்களுடைய பிழை.

இனிக் கணக்கு. கடையில் அரை இஞ்சி என்று கேட்டால் கிடைக்கும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் 20 மில்லிமீற்றர், உள்விட்டம் ஏறத்தாழ 17. முக்கால் இஞ்சி என்பது வெளியே 25, உள்ளே ஏறத்தாழ 22. ஒரு இஞ்சி என்பது வெளியே 32, உள்ளே 28 அல்லது 29. குழாயின் அழுத்தத் தரம் உயரச் சுவர் தடித்து உள்விட்டம் சற்றுக் குறையும். உராய்வால் ஏற்படும் இழப்பு குழாயின் நீளத்துக்கு ஏற்ப நேராகக் கூடுகிறது. ஓடும் தண்ணீர் இருமடங்கானால் இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. உள்விட்டத்தைப் பொறுத்தவரை, அதே அளவு தண்ணீருக்கு விட்டம் இருமடங்கானால் இழப்பு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. குழாய் வேலையில் ஒருவர் மனதில் வைத்திருக்க வேண்டிய ஒரே சூத்திரம் எதுவென்று கேட்டால் இந்தக் கடைசி உறவைத்தான் சொல்வேன்.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். தாங்கியிலிருந்து சமையலறை ரீ வரையுள்ள 50 அடி, அதாவது 15 மீற்றர், இரண்டு வாய்களுக்கும் பொதுவானது. அந்த வழியில் எட்டு எல்போக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இன்னும் 4 மீற்றர்க் குழாய்க்குச் சமமாகக் கொள்ளலாம். சமையலறைப் பைப் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுத்தால் 17 மில்லிமீற்றர் உள்விட்டத்தில் இந்த 19 மீற்றரும் விழுங்குவது ஏறத்தாழ 2.85 மீற்றர், ஒன்பதடிக்கு மேல். ஷவருக்கு இருந்ததே பத்தடிதான். ஆகவே ஷவர் நின்றுபோவது குழாய் அடைபட்டதால் அல்ல. சமையலறை தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு ரீ இருக்கும் இடத்தில் தண்ணீரை ஏழடி உயரத்துக்கு ஏற்றப் போதிய தள்ளல் மிஞ்சவில்லை. இதே 20 லீற்றரை முக்கால் இஞ்சிக் குழாயில் ஓடவிட்டால் இழப்பு 0.8 மீற்றர், இரண்டேமுக்கால் அடிக்குள். ஒரு இஞ்சிக் குழாயில் ஏறத்தாழ முக்கால் அடிதான். குழாய் பெரிதானால் சமையலறைப் பைப் முன்னையிலும் சற்று அதிகமாக இழுக்கும் என்பதால் உண்மையில் இலாபம் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதில் மாற்றமில்லை.

வயல் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், வாய்க்கால் ஒடுங்கியிருந்து மேற்காணிக்காரர் தமது வாயைத் திறந்துவிட்டால் கடைசிக் காணிக்காரர் மண்வெட்டியோடு வரம்பில் நிற்க வேண்டியதுதான். உங்கள் குளியலறைதான் அந்தக் கடைசிக் காணி. அதன் வாயை அகட்டிப் பயனில்லை. மேலே உள்ள பொது வாய்க்காலை அகட்ட வேண்டும்.

இந்தக் குறை எங்கள் பக்கத்து வீடுகளில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2010க்குப் பிறகு மீண்டும் வந்து கட்டிய வீடுகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் முடிந்தவை அல்ல. முதலில் இரண்டு அறையும் விறாந்தையும், குளிப்பது கிணற்றடியில். பிறகு தாங்கி வந்தது, அதற்கு ஒரேயொரு பைப், அதற்கு அரை இஞ்சி போதுமாக இருந்தது. பிறகு சமையலறைக்கு ஒரு ரீ, மலசலகூடத்துக்கு ஒரு ரீ, மகளின் கலியாணத்துக்கு முன் உள்ளே ஒரு குளியலறை, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு இன்னொரு ரீ. கிளைகள் பெருகின, அடிமரம் மட்டும் முதல் நாள் போட்ட அதே அரை இஞ்சியில் நின்றுவிட்டது. வீட்டுக்காரரையோ வேலை செய்தவரையோ இதற்குக் குறை சொல்ல முடியாது.

எல்போக்களைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் சிறிது. ஒரு சாதாரண 90 பாகை எல்போ தன் உள்விட்டத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு நீளக் குழாய்க்குச் சமமான தடையைத் தருகிறது. உங்கள் அளவில் அது அரை மீற்றர். நீண்ட வளைவுள்ள பெண்ட் போட்டால் அதில் பாதியளவு மிச்சமாகலாம். எட்டு எல்போக்களையும் மாற்றினாலும் 19 மீற்றரில் 2 மீற்றர்தான் குறையும், பத்துக்கு ஒரு பங்கு. அதற்காகச் சுவரை உடைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். இந்த 30 மடங்கு என்ற எண்ணையும் கல்லில் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். புத்தகத்துக்குப் புத்தகம் அது மாறுகிறது. திரெட் உள்ள எல்போவா, பசை ஒட்டியதா, உள்விளிம்பு எவ்வளவு கூர்மை என்பவற்றைப் பொறுத்து ஒன்றரை மடங்கு வரை ஏறி இறங்கும். நேர்க்குழாயின் கணக்கை நம்புவதுபோல் இணைப்புகளின் கணக்கை நான் நம்புவதில்லை.

வால்வு வேறு கதை. தட்டு மேலெழுந்து வழிவிடும் கேற் வால்வு முழுதாகத் திறந்திருந்தால் பத்து மடங்கு விட்டம் என்ற அளவில் அடங்கிவிடும். துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் போல் வால்வு (ball valve), துளை குழாயின் அளவுக்கே இருந்தால், இருப்பதே தெரியாது. குளோப் வகை ஸ்டொப் கொக் அப்படியல்ல. தண்ணீர் உள்ளே போய் மேலே ஏறி ஒரு வட்டத் துளையூடாகத் திரும்பி வெளியே வரவேண்டும். அதன் தடை 300 மடங்கையும் தாண்டும், அதாவது உங்கள் எட்டு எல்போக்களும் சேர்ந்து தருவதைவிட ஒரு வால்வு தருவது அதிகம். வேலைக்கு வந்த முதல் வருடத்தில் நான் ஒரு வீட்டில் தாங்கிக்குக் கீழே பார்வைக்குப் பாரமான, பித்தளையில் செய்த இத்தகைய வால்வு ஒன்றைப் பெருமையோடு பூட்டிக் கொடுத்தேன். தண்ணீர் வரவில்லை என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் குழாயைத்தான் சோதித்தேன். நான்காம் முறை அந்த வீட்டு அம்மா, "தம்பி, நீர் பூட்டின சாமானையும் ஒருக்காக் கழற்றிப் பாருமன்" என்றார். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியதும் அதுவே. உங்கள் தாங்கியடியில் உள்ள வால்வின் பிடி நீட்டாகக் கால் சுற்றில் திரும்புமானால் அது போல் வால்வு. வட்டச் சக்கரமாகப் பல சுற்றுச் சுற்றுமானால் கேற் அல்லது குளோப். போல் வால்வு என்றாலும் மலிவானவற்றில் உள்ளே உள்ள துளை குழாயைவிடச் சிறியதாக இருக்கும். வாங்கும்போது திறந்து கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பாருங்கள். குழாயின் முழு வட்டமும் தெரிய வேண்டும்.

இதைப்போல் கண்ணுக்குத் தெரியாமல் கழுத்தை நெரிக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஷவருக்கும் கைகழுவும் பேசினுக்கும் பூட்டும் வளையும் இணைப்புக் குழாயின் வெளிப்புறம் பின்னல் கம்பியோடு தடிப்பாகத் தெரிந்தாலும் உள்ளே சுண்டுவிரலும் நுழையாது. கறுத்த அல்கதீன் (பொலித்தீன்) குழாயில் உள்ளே செருகிக் கம்பியால் கட்டும் இணைப்புகள் ஒவ்வொன்றும் வழியைச் சுருக்குகின்றன. சுடுநீருக்காகச் சிலர் போடும் பச்சை நிறப் பிபிஆர் என்னும் பிளாஸ்டிக் குழாய் வெளியே 20 மில்லிமீற்றர் என்றாலும் அதன் தடித்த தரத்தில் சுவர் மட்டும் 3.4 மில்லிமீற்றர், உள்ளே 13.2தான். அதே தண்ணீருக்கு அதில் ஏற்படும் இழப்பு அரை இஞ்சிப் பிவிசியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தரம் கூடிய குழாய் என்று நம்பி வாங்கியவருக்குத் தண்ணீர் குறைந்த கதையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் குழாயில் குறையில்லை, ஓர் அளவு பெரிதாக வாங்கியிருக்க வேண்டும். குழாயை நெருப்பில் வாட்டி வளைக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்போவுக்குச் செலவாகும் காசு மிச்சமாகிறது, ஆனால் வளைந்த இடம் தட்டையாகி, சுவர் மெலிந்து, தடையும் கூடி வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. வாளால் அறுத்த விளிம்பின் பிசிறைச் சீவாமல், பசையை அள்ளிப் பூசி ஒட்டினால் உள்ளே தள்ளப்பட்ட பசை ஒரு வளையமாக இறுகி நிற்கும். பசை குழாயின் வெளிப்புறத்தில் நிறையவும், அது நுழையும் இணைப்பான சொக்கற்றின் உள்ளே மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

இனி, வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. முதலாவது எல்லோருக்கும் தெரிந்த வாளிச் சோதனை: 10 லீற்றர் வாளியை வைத்துக் கைபேசியில் நேரம் பாருங்கள். 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லீற்றர். தாங்கியடியில் உள்ள யூனியனை (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பை) கழற்றி அங்கே ஒருமுறை, சமையலறையில் ஒருமுறை, ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் ஒருமுறை. தாங்கியடியிலேயே வாளி நிரம்பப் பிந்தினால் குறை வால்விலோ தாங்கி வாயிலோ இருக்கிறது, அதற்கப்பால் தேட வேண்டாம். ஷவர்த் தலையைக் கழற்றியதும் தண்ணீர் பொங்கி வந்தால் தலையை மாற்றுவதோடு வேலை முடிந்தது. கடையில் அழகாகத் தொங்கும் பல தலைகள் ஒரு பாரும் அதற்கு மேலும் அழுத்தம் உள்ள வீடுகளுக்கென்று செய்யப்பட்டவை, 0.3 பாருக்கு அகன்ற துளையுள்ள பழைய மாதிரிதான் பொருந்தும்.

இரண்டாவது சோதனையை நான் ஒரு மேசனிடமிருந்தே கற்றேன், அதற்காக அவர்களுக்கு நன்றி. மட்டம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் ஒளிபுகும் குழாயை ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்குங்கள். அதன் ஒரு நுனியைக் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கப் பைப்பில் இறுக்கிக் கட்டி, மறு நுனியை நீண்ட மூங்கிலிலோ தென்னை மரத்திலோ தாங்கியின் உயரத்துக்கு மேல் உயர்த்திக் கட்டிவிடுங்கள். அந்தப் பைப்பைத் திறந்ததும் ஒளிபுகும் குழாய்க்குள் தண்ணீர் மெல்ல ஏறி, தாங்கிக்குள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டுங்கள். இப்போது உள்ளேயிருந்து ஒருவர் சமையலறைப் பைப்பை முழுதாகத் திறக்கட்டும். குழாய்க்குள் இருந்த நீர்மட்டம் உங்கள் கண் முன்னே சடசடவென்று இறங்கி வேறொரு இடத்தில் நிற்கும். துணித்துண்டுக்கும் அந்தப் புதிய மட்டத்துக்கும் இடையே உள்ள தூரம்தான், அங்குல அங்குலமாக, பொதுக்குழாய் விழுங்கிய உயரம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்படிக் கட்டியபோது மட்டம் எட்டடிக்கு மேல் இறங்கி, குளியலறை யன்னலின் மேல்விளிம்பில் வந்து நின்றது. அதுவரை பிரஷர் பம் வாங்குவதென்றே நின்ற வீட்டுக்காரர் அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். உங்கள் வீட்டில் மட்டம் ஓரடி, இரண்டடி மட்டும் இறங்குமானால் நான் மேலே போட்ட கணக்குப் பிழை, அடைப்பு குளியலறைக் கிளையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். எட்டு, ஒன்பதடி இறங்கினால் பொதுக்குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம்.

அப்படி மாற்றுவதென்றால் தாங்கி வாயிலிருந்தே ஒரு இஞ்சி எடுங்கள்; வாயை அரை இஞ்சியில் விட்டு அதன் பிறகு ஒரு இஞ்சி போட்டால் வீட்டின் முழுத் தண்ணீரும் அந்த ஒடுங்கிய இடத்தூடாகவே வரவேண்டியிருக்கும். சமையலறை ரீ வரை ஒரு இஞ்சி, அங்கிருந்து குளியலறைக்கு முக்கால் இஞ்சி, கடைசியில் சுவருக்குள் பைப்புக்கு ஏறும் நாலைந்து அடி மட்டும் அரை இஞ்சி. கடைசித் துண்டு அரை இஞ்சியாக இருந்தால் மற்றதெல்லாம் வீண் என்று சிலர் சொல்வார்கள். இழப்பு நீளத்துக்கு ஏற்பவே கூடும் என்பதால் நாலடியில் ஏற்படுவது மிகச் சிறிது. ஒன்றேகால், ஒன்றரை இஞ்சிக்குப் போகத் தேவையில்லை. காசும் போகும், வெயிலில் சூடான தண்ணீரும் குழாயில் அதிகம் தேங்கும். சுவரைத் தொட விரும்பாவிட்டால் இன்னொரு வழி உண்டு: இருக்கும் அரை இஞ்சியைச் சமையலறைக்கு மட்டும் விட்டு, தாங்கியில் இரண்டாவது வாய் திறந்து குளியலறைக்கென்று தனி முக்கால் இஞ்சிக் குழாயை வெளிப்புறமாகக் கொண்டுபோங்கள். பொதுவழி இல்லையென்றால் சண்டையும் இல்லை. எந்த வழியானாலும் குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். எங்கள் வெயிலில் வெளியே கிடக்கும் பிவிசி சில வருடங்களில் சொரசொரத்து உடையத் தொடங்கும்.

குழாய் போகும் வழியில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தாங்கியிலிருந்து இறங்கிய குழாய் எங்காவது கூரை மேலேறிப் பிறகு இறங்குமானால் அந்த மேட்டில் காற்று அகப்படும். அழுத்தம் கூடிய இடத்தில் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், 0.3 பாருக்கு அந்த வலு இல்லை. தாங்கி வற்றி மீண்டும் நிரம்பிய பிறகு அரைநாள் தண்ணீர் வராமல் நிற்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். முடிந்தவரை இறக்கமாகவே கொண்டுபோங்கள்; முடியாவிட்டால் அந்த மேட்டின் உச்சியில் ஒரு ரீ போட்டு, தாங்கியின் மேல்மட்டத்தைவிட உயரமாக ஒரு காற்றுக்குழாய் ஏற்றிவிடுங்கள்.

படிவைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. பூநகரி, மன்னார்ப் பக்கச் சுண்ணாம்புக் கல் நிலத்துத் தண்ணீரில் கல்சியம் கூட. வவுனியாப் பக்கம் அடியில் கருங்கல், அங்குள்ள குழாய்க்கிணறுகளின் தண்ணீரும் பல இடங்களில் கடினமானதே. ஷவர்த் துளையிலும் கேத்திலிலும் வெள்ளையாகப் படிவதை நீங்களே காணலாம். ஆனால் குளிர்ந்த தண்ணீர் ஓடும் பிவிசி குழாயின் உட்சுவரில் அவ்வளவு படியுமா என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. சிலவற்றை வெட்டியபோது உள்ளே கண்ணாடி போல் இருந்தது, சிலவற்றில் ஒரு மில்லிமீற்றர் படிவு இருந்தது. ஒரு மில்லிமீற்றர் படிந்தால் 17 என்பது 15 ஆகும், இழப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும் என்பது மட்டும் கணக்கின்படி உறுதி. பழைய இரும்புக் குழாயில் துருவும் சேரும். அதைச் சோதிக்கவே தேவையில்லை, மாற்றிவிடலாம்.

பிரஷர் பம் பிழையான பொருளல்ல. அளவான குழாய் போட்ட பிறகும், மாடியில் ஷவர் வேண்டும், தாங்கியை உயர்த்த வழியில்லை என்றால் அதற்குத் தேவை உண்டு. ஒடுங்கிய குழாயை வைத்துக்கொண்டு அதைப் பூட்டினால் குழாயின் தடைக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறீர்கள். மின்சாரம் நின்ற நாளில் பழைய சொட்டே மிஞ்சும். தாங்கியை உயர்த்துவதால் ஓரடிக்கு ஓரடிதான் கிடைக்கும். அரை இஞ்சி பொதுக்குழாய் விழுங்கும் ஒன்பதடியை ஈடுசெய்யத் தூணை ஒன்பதடி உயர்த்த வேண்டுமென்றால் செலவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கிணற்றுப் பக்கம் வருவோம். கிணறு வீட்டிலிருந்து 150 அடி, முக்கால் இஞ்சிக் குழாய், ஒரு குதிரைவலு மோட்டர் என்கிறீர்கள். நிமிடத்துக்கு 40 லீற்றர் போனால் 1,000 லீற்றர்த் தாங்கி 25 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். அந்த அளவு தண்ணீர் 45 மீற்றர் முக்கால் இஞ்சியில் ஓட 7 மீற்றர் உயரம் செலவாகிறது. ஒரு இஞ்சியில் 2 மீற்றர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தாங்கி வாய் வரை 12 மீற்றர் என்று கொண்டால் மோட்டர் தள்ள வேண்டியது முதலாவதில் 19, இரண்டாவதில் 14. ஒரே மோட்டர் இரண்டாவதில் கூடுதலான தண்ணீரைத் தரும். எவ்வளவு கூடும் என்பதை அதன் முதுகிலுள்ள தகட்டில் எழுதியிருக்கும் உயரத்தையும் அளவையும் பார்த்தே சொல்ல முடியும், அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

ஆனால் நிரப்பும் பக்கத்துக் குழாயைத் தொடுவதற்கு முன் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள், அங்கே இடம் மிகக் குறைவு. எந்த மோட்டரும் தண்ணீரை மேலே இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே அதை ஏற்றுகிறது, அதன் எல்லை கணக்கில் 10 மீற்றர், நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் நம்பக்கூடாது. மாரியில் கிணறு ததும்பும்போது எதுவும் தெரியாது. ஆவணி, புரட்டாசியில் நீர்மட்டம் 22, 23 அடிக்கு இறங்கும்போது ஏழு மீற்றரும் உயரத்துக்கே போய்விடும். கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வின் சல்லடையில் ஒட்டிய ஓர் இலை, தேவையற்ற ஓர் எல்போ, அரையளவு திறந்த ஒரு வால்வு இவற்றுக்கு ஈடுகொடுக்க மிச்சம் இராது. அப்போது மோட்டர் ஓடுகிறது, சத்தம் மாறுகிறது, தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. உறிஞ்சு குழாய் மோட்டரின் வாயைவிட ஒருபோதும் சிறிதாக இருக்கக்கூடாது. ஓர் அளவு பெரிதாக இருந்தால் நல்லது. அது மோட்டரை நோக்கித் தொடர்ந்து ஏற வேண்டும், நடுவில் முதுகு வளைந்தால் காற்று தங்கும். மோட்டர் வீட்டு விறாந்தையில் இருந்தால் அதைக் கிணற்றடிக்கு, மழை படாத ஒரு சிறு கூட்டுக்குள் கொண்டுபோங்கள். நீண்ட குழாய் தள்ளும் பக்கத்தில் இருக்கட்டும், உறிஞ்சும் பக்கத்தில் வேண்டாம்.

புரட்டாசி முடிவதற்குள் புட் வால்வை ஒருமுறை மேலே எடுத்துச் சல்லடையைக் கழுவிப் பாருங்கள். மட்டக்குழாயில் எத்தனை அடி இறங்கியது, தாங்கியடியில் வாளி எத்தனை விநாடியில் நிரம்பியது, மோட்டர்த் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் இங்கே எழுதினால், எத்தனை நீளக் குழாய், எந்த எந்த சொக்கற், எத்தனை ரிடியூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு இணைப்பது) வாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.